நொபுகோ உரம்

எங்கள் ஹொசோதானி கிராமத்தில் மொத்தம் பதினோரு வீடு. வயல்கள் மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகின்றன. எல்லாவற்றுக்கும் கீழே கிடப்பது என்னுடையது. மேலே யார் வரப்பைச் சரியாகக் கட்டாவிட்டாலும், யார் மடையை அடைக்க மறந்துவிட்டுப் போனாலும், அந்தச் சேறு கடைசியில் என் தலையில்தான் விடியும். நாற்பது வருஷமாக இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் தலையில் விடிவது என்னுடைய சேறு என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அதைப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டு நொபுகோ. புரியவைத்தார் என்று இப்போது மரியாதையாக எழுதுகிறேன். அன்றைக்கு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நொபுகோவுக்கு அறுபத்து மூன்று வயது. ஆள் குள்ளம், நடை வேகம். அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். முப்பது வருஷம் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் விதையும் உரமும் விற்கும் இடத்தில் வேலை பார்த்தார். ஏப்ரன் பையில் எப்போதும் இலையின் நிறம் பார்க்கும் அட்டை ஒன்று இருக்கும். வழியில் யாராவது எதிர்ப்பட்டால் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், "உங்க பயிர் மூணா, நாலா?" என்பார். அட்டையில் மூன்று என்றால் பயிருக்குப் பசி, நான்கு என்றால் வயிறு நிறைந்திருக்கிறது. "எனக்கு மூணுதான், சோறு போடறீங்களா?" என்று நான் பதில் சொல்வது வழக்கம். அதற்கும் சிரிப்பார்.

அவருடைய கணவன் மோரியோ என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். தொளி அடித்து, அதாவது வயலை உழுது சேறாக்கி, பரம்புப் பலகை இழுத்து மட்டம் செய்வதில் அவனை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அவன் வயலில் தண்ணீர் விட்டால் நான்கு மூலையும் ஒரே நேரத்தில் நனையும். என் வயலில் விட்டால் நடுவில் மூன்று தீவு தெரியும். அந்தத் தீவுகளை மறைக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும், ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீரை நிரப்பிவிடுவது. மண் மேடோ பள்ளமோ, தண்ணீருக்கு மேலே எல்லாம் ஒன்றுதானே.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாதம், மோரியோ வயலில் விழுந்தான். அப்போதெல்லாம் கதிர் வைக்கும் முன் மேலுரம் போட்டாக வேண்டும். உரம் நிரப்பிய இயந்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு, இடுப்பு உயரப் பயிருக்குள், முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும். அன்றைக்குக் காற்றே இல்லை. மூன்றாவது வயலின் நடுவில் அவன் முகம் குப்புற விழுந்ததைப் பார்த்து நானும் நொபுகோவும் ஓடினோம். முதுகுப் பட்டையை அறுத்து எடுத்துத்தான் அவனைத் தூக்க முடிந்தது. உயிர் தங்கியது. இடது கையும் இடது காலும் விளங்காமல் போய்விட்டன. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். அப்போது அவனுக்கு நாற்பத்து நாலு வயது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நொபுகோ அந்த அறுந்த பட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இவாவோ சான், இனிமே நம்ம ஊர்ல ஒருத்தர் கூட ஜூலையில மூட்டை தூக்கக் கூடாது" என்று என்னிடம் சொன்னார். துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அதைத் துக்கத்தில் சொல்லவில்லை. அடுத்த வருஷமே சங்கத்துக்கு ஒரு புது உரம் வந்தது. நடவு அன்றைக்கு ஒரே தடவை போட்டால் போதும். ஒவ்வொரு மணியையும் சுற்றி மெல்லிய தோல் இருக்கும். வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் உரம் தானாகக் கசிந்து பயிருக்குப் போகும். ஜூலையில் வயலில் காலே வைக்க வேண்டாம். நொபுகோ வீடு வீடாக ஏறி இறங்கினார். என் வீட்டுக்கு மட்டும் ஐந்து தடவை வந்தார். மூன்றே வருஷத்தில் பதினோரு வீடும் மாறிவிட்டது. மூட்டையில் என்ன பெயர் போட்டிருந்தது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு அது நொபுகோ உரம்.

மேல்வீட்டு கினுயோவுக்கு எழுபத்தொன்பது வயது. கணவர் போன பிறகும் தனியாக வயலை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் அது இந்த உரத்தால்தான். நடவுக்கு இயந்திரக்காரர் வருவார், அறுவடைக்கும் வருவார், நடுவில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டால் போதும். "நொபுகோ உரம் இருக்கிறவரைக்கும் நான் வயலை விடமாட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்தப் பக்கம் நொபுகோ நின்றிருந்தால் அவர் முகம் சிவந்துவிடும். வாழ்க்கையில் அவர் பெருமைப்பட்டது அந்த ஒன்றுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். மோரியோவுக்குச் செய்ய முடியாததை ஊருக்குச் செய்துவிட்ட நிம்மதி அது.

நடவு முடிந்ததும் எங்கள் பக்கத்தில் ஷிரோமிதே என்று ஒரு நாள் ஓய்வு எடுப்போம். மற்ற ஊர்களில் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பஸ் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவார்கள். மலைக்குள் கிடப்பவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாளாவது கண்ணுக்கு எட்டியவரை தட்டையாக எதையாவது பார்க்க வேண்டும். எழுபது கிலோமீட்டர், ஆற்றங்கரையோரமாகவே சாலை. போகும்போதும் வரும்போதும் மைக்கைப் பிடித்துப் பாடுவது நொபுகோ. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டார்.

போன வருஷம் ஜூனில் போயிருந்தபோது நாங்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். நொபுகோ மட்டும் அலை ஒதுங்கிய இடத்தில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடப் போனேன். ஒதுங்கிக் கிடந்த பாசிக்கு நடுவில் வெளிறிய மஞ்சளாக மீன்முட்டை மாதிரி ஏதோ, நீளத்துக்கு ஒரு கோடாகக் கிடந்தது. பக்கத்தில் சிப்பி வளர்க்கும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த கடற்கரைப் பெண் ஒருத்தி பேச்சுக் கொடுத்தாள்.

"வருஷா வருஷம் மே மாசம் இது வந்துடுதுங்க. என்னன்னே தெரியல. எங்க வீட்டுக்காரர் மீன்முட்டைங்கறார். முட்டைன்னா ஒண்ணாவது பொரியணுமா இல்லையா? சின்ன மீன் வயித்தை அறுத்தா உள்ள இதுதான் இருக்கு."

நொபுகோ ஒன்றை எடுத்து இரண்டு நகங்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். சப்பென்று தட்டையானது. உள்ளே ஒன்றும் இல்லை. கைக்குட்டையை விரித்து ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மைக் கைமாறிக் கைமாறிப் போனது, அவர் வாங்கவில்லை. "என்ன, தொண்டை மூணா?" என்று கிண்டல் செய்தேன். கைக்குட்டையை என் மடியில் வைத்துப் பிரித்தார்.

"இது நம்மளுது, இவாவோ சான். உரம் போயிடுது, தோல் நின்னுடுது. வசந்தத்துல தொளி அடிக்கிறப்ப மேல மிதந்து வரும். நடவுக்கு முன்னாடி தண்ணியைத் திறந்து விடறோம்ல? அதோட போயிடுது."

"மண்ணுல மக்கிடும்னுதானே சொன்னீங்க?"

"தோல் பிளாஸ்டிக்னு மூட்டையில பொடி எழுத்துல போட்டிருந்தான். படிச்சேன். படிச்சுட்டுத்தான் வித்தேன். மண்ணோட மண்ணா போயிடும்னு நானா நினைச்சுக்கிட்டேன்."

"விடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன் நான். அப்படித்தான் சொன்னேன், மறைக்க விரும்பவில்லை.

அவர் பத்து மாதம் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அந்தப் பத்து மாதமும் அவருக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அந்த உரத்தை நிறுத்தச் சொன்னால் ஜூலையில் யாராவது மறுபடி மூட்டையைத் தூக்க வேண்டும். தூக்க வேண்டாம் என்று சொன்னவரே அவர்தான்.

இந்த வருஷம் ஏப்ரலில் வாய்க்கால் தூர்வாரும் நாள் வந்தது. வேலை முடிந்து, பதினோரு வீட்டாரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நொபுகோ எழுந்து நின்று கைக்குட்டையைப் பிரித்தார். எல்லாவற்றையும் சொன்னார். இந்த வருஷம் முதல் அந்த உரம் வேண்டாம் என்றார். மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் தோல் வெளியே போகாமல் இருக்க, தொளி அடிக்கும்போது தண்ணீரைக் குறைவாக வையுங்கள், பத்துப் பங்கில் ஏழு பங்கு மண் தெரியட்டும், தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள், எதற்கும் தண்ணீர் வெளியேறும் வடிமடையில் ஒரு வலை கட்டுகிறேன் என்றார்.

யாரோ, "கடல்காரங்க நமக்கு என்ன பண்ணியிருக்காங்க?" என்றார். "வருஷா வருஷம் போய் அவங்க மீனைத்தானே தின்னுட்டு வர்றோம்?" என்று இன்னொருவர். சிரிப்பு எழுந்தது. கினுயோ மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ ஜூலையில யாரு தூக்கறது?"

"உங்க வயலுக்கு நான் தூக்கறேன், கினுயோ சான்."

"நீயா? உன் முட்டியை வெச்சுக்கிட்டா? வீட்டுல ஒருத்தன் விழுந்தது போதாதா உனக்கு?"

கினுயோ கையிலிருந்த உருண்டையை டப்பாவில் திருப்பி வைத்தார். "சரி. நீ கேக்கறேன்னு இந்த வருஷம் அந்த உரத்தைப் போடல. ஆனா உன்னைத் தூக்க விடமாட்டேன். பயிர் மஞ்சளா போச்சுன்னா போகட்டும், அதோட வயலை விட்டுடறேன்." சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். நொபுகோ நின்ற இடத்திலேயே நின்றார். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன், வழக்கம்போலத்தான் செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே.

வலைக்குத் துணி தேடி அவர் பட்ட பாடு தனிக் கதை. வெங்காயப் பையின் கண் பெரிதாக இருந்தது, தோல் வழுக்கிக்கொண்டு போனது. காலுறைத் துணி ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொண்டது. கடைசியில் ஜன்னலில் போடும் வெள்ளைச் சல்லாத்திரைதான் சரியாக வந்தது. வீடு வீடாகப் போய்ப் பழைய திரைகளை வாங்கி, மூங்கில் சட்டத்தில் அடித்து, பத்து மடைக்குக் கட்டிவிட்டார். பதினொன்றாவதுக்குத் துணி இல்லை. அது என்னுடைய மடை. அதைத் தாண்டினால் ஓடை, ஓடையைத் தாண்டினால் ஆறு, அப்புறம் கடல்தான்.

மோரியோ படுத்திருக்கும் அறையின் பெரிய ஜன்னல் வயலைப் பார்த்து இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே, "மூடு" என்று கையைக் காட்டினான். இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஒரு சல்லாத்திரை தொங்கிக்கொண்டிருந்தது. துவைக்கக் கழற்றினால்கூட நொபுகோ அந்த இடத்தில் போர்வையை மாட்டுவார். வயலைப் பற்றி அவனிடம் நாங்கள் யாரும் பேசுவதில்லை. அவனும் பேசியதில்லை. நான் போனால் பேஸ்பால் பார்ப்போம்.

அந்தத் திரையைத்தான் நொபுகோ கழற்றினார். "எனக்கு இது வேணுங்க" என்று அவனிடம் சொன்னாராம். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். ஒரு மனைவிக்கு அதைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நான் பிற்பாடுதான் யோசித்தேன். அவர் அதைக் கொண்டுவந்து என் மடையில் கட்டும்போது, "நல்லா இருக்கு, என் வயலுக்குக் கல்யாணமா?" என்று கேட்டேன்.

மே மாதம் தொளி அடிக்கும் நாள். நான் ஒரு சாண் தண்ணீர் நிரப்பினேன். தீவுகள் அழகாக மூழ்கின. மறுநாள் காலையில் மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சூப்பும் சோறும் சாப்பிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், போன வருஷத்து வைக்கோலெல்லாம் மிதந்து வந்து திரையை அடைத்துவிட்டது. போக வழியில்லாத தண்ணீர் பக்கத்தில் வரப்பையே உடைத்துக்கொண்டு பாய்கிறது. சட்டத்தையும் காணோம், திரையையும் காணோம். வாய்க்கால் முழுக்க நுரை, நுரை முழுக்க அந்த மஞ்சள் தோல்.

யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன். கொஞ்சம் கீழே, வாய்க்காலுக்குள், இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் நொபுகோ நின்றுகொண்டிருந்தார். கையில் அரிசி களையும் வடிதட்டு. ஓடும் நுரையை அள்ளி அள்ளி வாளியில் கொட்டிக்கொண்டிருந்தார். மலைத் தண்ணீர், மே மாதத்திலும் எலும்பைக் குத்தும். உதடு நீலமாகிவிட்டிருந்தது.

தப்பு என் பேரில். அதனால் நானே முதலில் கத்தினேன். "உன் துணியாலதான் என் வரப்பு போச்சு! கடலைக் காப்பாத்தறேன்னு என் வயலைக் கடலாக்கிட்டியே!" நாற்பது வருஷத்தில் நான் அவரை 'நீ' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

"அந்த ஓரமா நுரை ஒதுங்குது பாருங்க, இவாவோ சான். அதை மட்டும் பிடிச்சுக் குடுங்க."

நான் இறங்கினேன். வேறென்ன செய்ய? இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அள்ளினோம். அள்ளியதைவிடப் போனது அதிகம். "எவ்வளவு தண்ணி வெச்சீங்க?" என்று கேட்டார். "ஒரு சாண்" என்றேன். "ம்" என்றார். அந்த 'ம்' என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. திட்டியிருக்கலாம்.

பிறகுதான் மடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மோரியோவோட திரை எங்க?" என்றார்.

ஓடையோரமாகவே தேடிக்கொண்டு போனேன். இரண்டு பாலம் தாண்டி, நாணல் புதரில் சுருண்டு கிடந்தது. பிரித்தால் மடிப்புக்குள் ஒரு கைப்பிடித் தோல். என் வீட்டுக் குழாயடியில் வைத்து மூன்று தடவை அலசினேன். மடித்து எடுத்துக்கொண்டு மோரியோவின் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லி நீட்டுவது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

மோரியோ சுவரைப் பார்த்துப் படுத்திருக்கவில்லை. தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து, வெறும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தண்ணீர் வடிந்துபோன என் வயல் வெட்கமில்லாமல் கிடந்தது.

"டேய் இவாவோ" என்றான், இழுத்து இழுத்து. "உன் வயல்ல... மூணு மேடு."

இருபத்திரண்டு வருஷம் கழித்து வயலைப் பற்றி அவன் சொன்ன முதல் பேச்சு அதுதான். எனக்கு அழுகை வந்தது. "தெரியுதுடா, குருடா நானு?" என்று சத்தம் போட்டேன். பின்னால் கதவருகே நனைந்த உடையோடு நின்றிருந்த நொபுகோ வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் வரப்பைக் கட்டி, அந்தத் திரையைத் திரும்ப மடையில் மாட்டி, மண் தெரியும்படி தண்ணீர் வைத்து, மறுபடி தொளி அடித்தேன். சட்டைப் பையில் கைபேசி. மறுமுனையில் மோரியோ. "வலது... இன்னும்... அங்கதான்... இழு... எருமை, போதும்." அரை நாள் அவனிடம் திட்டு வாங்கினேன். வரப்பில் கூட்டம் கூடிவிட்டது, பஞ்சாயத்துத் தேர்தலுக்குக்கூட அவ்வளவு பேர் வந்ததில்லை. சாயங்காலம் என் வயல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அடுத்த நாள் பக்கத்து வயல்காரர், அவருக்கு அடுத்து இன்னொருவர் என்று அவனுக்குப் போன் வர ஆரம்பித்தது. கினுயோவின் வயலையும் அப்படித்தான் மட்டம் செய்தோம். அவர் தடுக்கவில்லை. இதுதான் கடைசி நடவு என்று மட்டும் சொன்னார்.

மடையைத் திறக்காமல் இரண்டு நாள் சும்மா விட்டோம். மத்தியானமானால் ஆற்றுவழியாகக் கீழிருந்து காற்று ஏறி வரும். அது மிதக்கும் தோலையெல்லாம் வடிமடையிலிருந்து விலக்கி, மேல் மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதை முதலில் கவனித்தது நொபுகோ. வடிதட்டோடு போய் அள்ளினால் போதும். என் வயலில் மட்டும் இரண்டு வாளி. இருபது வருஷம் நான் சந்தோஷமாகப் போட்டது, எனக்கே திரும்பி வந்தது.

ஜூனில் கடலுக்குப் போனோம். மஞ்சள் கோடு அங்கே அப்படியேதான் கிடந்தது. எங்கள் ஒரு பள்ளத்தாக்கு அள்ளியதால் கடல் ஒரே வருஷத்தில் தேறிவிடும் என்று நம்பிய மடையன் நான்தான். நொபுகோ அந்தச் சிப்பிக்காரப் பெண்ணைத் தேடிப் போய், குனிந்து வணங்கி, "அது முட்டை இல்லைங்க. எங்க வயல்லேருந்து வருது. நான்தான் எல்லாரையும் போட வெச்சேன்" என்றார். அந்தப் பெண் மணலிலிருந்து ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். பிறகு, "பொரியாதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும், மனுஷன் ஏமாந்துடுவார்" என்றாள். கிளம்பும்போது ஒரு பை காய்ந்த கடற்பாசியைக் கொண்டுவந்து நொபுகோவின் கையில் திணித்தாள். பஸ்ஸில் நொபுகோ அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாடவில்லை. இன்னும் ஜூலை பாக்கி இருந்தது.

ஜூலையும் வந்தது. நொபுகோ கினுயோவின் வயலில் அட்டையை வைத்துப் பார்த்தார். மூன்றுகூட இல்லை. வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து பழைய முதுகு இயந்திரத்தை இறக்கினார். எனக்குக் கேட்டது தடதடவென்ற சத்தம்தான். போய்ப் பார்த்தால், கூடத்தில் உட்கார்ந்து அறுந்த பட்டைக்குப் பதிலாகப் புதுப் பட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் நொபுகோ சான். நான் தூக்கறேன்" என்றேன்.

"உங்களுக்கும் அறுபத்தாறு."

அறைக்குள்ளிருந்து மோரியோ கூப்பிட்டான். போனோம். ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினான். பேசி முடிக்க வெகு நேரம் ஆனது.

"இப்போ எல்லா வயலும்... மட்டம். உரத்தை... வாளியில கரைச்சு... வாய்மடையில ஊத்து. உள்ள வர்ற தண்ணியே... நாலு மூலைக்கும் கொண்டுபோகும். யாரும்... தூக்க வேண்டாம்."

"கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணுமேடா" என்றேன். "ஒரு வயலுக்கு ரெண்டு மணி நேரம் ஒருத்தன் அங்கயே உக்காந்திருக்கணும். வேலை வெட்டி இல்லாதவன் எவன் இருக்கான் இந்த ஊர்ல?"

"நான் இருக்கேன்" என்றான் மோரியோ.

நொபுகோ கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலையில் அவனைச் சின்ன லாரியில் ஏற்றிக் கினுயோவின் வாய்மடைக்குக் கொண்டுபோனோம். பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தோம். இடது பக்கம் சாயாமல் இருக்க நான் ஒரு மூங்கிலை ஊன்றிக் கொடுத்தேன். வலது கையில் நீளக் காம்பு வைத்த அகப்பை. கால் இரண்டும் வாய்க்கால் தண்ணீரில். முதல் அகப்பையில் பாதி வெளியே சிந்தியது. மூன்றாவது அகப்பையிலிருந்து அவன் பழைய மோரியோ ஆகிவிட்டான். நாங்கள் அருகில் நிற்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. "போங்க... உங்க வேலையைப் பாருங்க" என்றான்.

கினுயோ ஊறவைத்த வெள்ளரிக்காயோடு வந்தார். மேலும் கீழும் பார்த்தார். "வயலை விட்டுடலாம்னு இருந்தேன். இவன் வந்து உக்காந்துட்டான், இனி எப்படி விடறது?" என்று முணுமுணுத்தார். ஒரு துண்டை அவன் வாயில் ஊட்டிவிட்டு, தன் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். நொபுகோ லாரிக்குப் பின்னால் போய் அழுதார். நான் பார்க்காத மாதிரி டயரை உதைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து கினுயோவின் வயலில் நான்கு மூலையிலும் அட்டையை வைத்துப் பார்த்தோம். நான்கு, நான்கு, நான்கு, மேல் மூலையில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதற்குள் மோரியோ ஏழு வயலை முடித்துவிட்டான். என்னுடையதை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தான்.

அந்த வாரம் நொபுகோ மடைகளிலிருந்து வலைகளைக் கழற்றினார். என் மடையில் இருந்த சல்லாத்திரையைத் துவைத்துக் காயவைத்து, நாற்காலியைப் போட்டு ஏறி, ஜன்னலில் மாட்டப் போனார். நானும் மோரியோவும் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தோம். அதாவது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாட்டட்டுமாங்க?" என்று நொபுகோ கேட்டார்.

"வேண்டாம்" என்றான். "மடிச்சு வை. அடுத்த வருஷம்... இவாவோ மடைக்கு வேணும்."